இரண்டாம் கண்

உங்களைவிடக் கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம் மட்டும், கெட்டிக்காரராக ஒருவர் இருக்கிறார். அவர் பெயரும் உங்கள் பெயரும் தினமும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வருகின்றன என்றால், உங்களுக்கு எப்படி இருக்கும்? எட்டாத உயரத்தில் இருப்பவர் என்றால் கும்பிட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். ஆனால் நயினாருக்கும் அந்த அம்மாவுக்கும் இருந்த வித்தியாசம் ஆயிரத்தில் நான்கு பங்கு. அந்த நான்கு பங்குதான் ஒன்றரை வருடமாக அவர் நெஞ்சில் மீன்முள் மாதிரி குத்திக்கொண்டிருந்தது.

நயினாருக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வேலை ராஜஸ்தானில், பலோதிக்கு வெளியே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சோலார் பேனல்கள் நட்டிருக்கும் ஒரு பொட்டலில். பேனல்களைத் துடைக்கிற வண்டிகள் ஒழுங்காகத் துடைக்கின்றனவா என்று பார்க்கிற மேற்பார்வையாளர். தகரப் பெட்டி மாதிரி ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு டேபிள் ஃபேன். கல்யாணம் ஆகி, அது நிலைக்காமல் போய், பதினொரு வருடம் ஆகிறது. மனிதருக்கு இருந்த ஒரே பெருமை அகில இந்திய வான்நோக்கர் சங்கம்.

சங்கம் என்றால் விஞ்ஞானிகள் கூடுகிற இடம் இல்லை. பேங்க் குமாஸ்தா, லாரி டிரைவர், பல் டாக்டர் என்று நாடு முழுவதும் மூவாயிரம் பேர். ஒரு காலத்தில் வருடத்துக்கு ஒருமுறை கூடி, குரூப் போட்டோ எடுத்து, பூரி கிழங்கு சாப்பிட்டுவிட்டுக் கலைகிற கூட்டம்தான். சூரியனிலிருந்து வந்த பெரிய புயலுக்கு அப்புறம் எல்லாம் மாறிப்போயிற்று. அது என்ன மாற்றம் என்பதை அன்று காலை கேண்டீனில் பச்சமுத்துவே கேட்டான். பச்சமுத்து ஆத்தூர்க்காரன், கேண்டீன் சமையல். அந்தப் பொட்டலில் தமிழ் பேச நயினாருக்குக் கிடைத்த ஒரே வாய்.

"என்னண்ணே, ரேங்க் கார்டு வந்துருச்சா?"

"டீயக் குடுடே மொதல்ல."

"கோவிச்சுக்காதீங்க. அந்தம்மா எவ்வளவு?"

"தொண்ணூத்தாறு புள்ளி ரெண்டு."

"நீங்க?"

"தொண்ணூத்தஞ்சு புள்ளி எட்டு."

"அட, அரை மார்க்குகூட இல்ல. எங்க ஊரு வாத்தியாரா இருந்தா ரெண்டு பேரும் பாஸுன்னு போட்டுட்டு வீட்டுக்குப் போயிருவாரு." பச்சமுத்து கிளாஸை மேசையில் வைத்தான். "எனக்கு ஒண்ணுதான்ணே புரியல. இத்தன கோடி பேனல் வாங்கி நட்டவனுங்க, சூரியனப் பாக்க ஒரு கேமரா வாங்க மாட்டானுங்களா? எதுக்கு உங்க கண்ணு?"

"மேல விட்டிருந்த சாட்டிலைட்டு எல்லாம் பெரிய புயல்ல கருகிப்போச்சுல்லா? அதுக்குப் பொறவு தரையில கேமராதான் வெச்சான். ஒரு களவாணிப்பய உள்ள புகுந்து பொய்ப் படத்தத் தள்ளிவிட்டான். சூரியன்ல இருந்து புயல் வருதுன்னு நாடு பூரா கரண்ட நிறுத்திட்டாவ. புயலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அன்னையில இருந்து படத்த எவனும் நம்ப மாட்டான். ஆளத்தான் நம்புவான். பென்சில் எடுத்துப் பேப்பர்ல வரையிற ஆளு. அதும் ரெண்டு ஆளு, ரெண்டு ஊர்ல."

"ரெண்டு பேரும் பாத்தேன்னு சொன்னா?"

"மறுநாள் நாடு பூரா கரண்ட நிறுத்துவாவ. புயல் வந்துட்டுப் போயிரும், டிரான்ஸ்பார்மர் எல்லாம் தப்பிச்சிரும். நிறுத்தாம விட்டா அம்புட்டும் எரிஞ்சிரும். திரும்பச் செஞ்சு மாட்டணும்னா வருசக்கணக்குல ஆவும்."

"ரெண்டு பேரும் போன்ல பேசி வெச்சுக்கிட்டா?"

"அப்படியும் ரெண்டு பேரு செஞ்சானுவ. சும்மா பேரு வாங்கதுக்கு. அன்னைக்கு கரண்ட் இல்லாம ஆஸ்பத்திரிகள்ல முப்பத்தொரு பேரு செத்தாவ. அதுல இருந்து சட்டம். ரெண்டு கண்ணும் பேசிட்டா, பேசினதுக்குப் பொறவு சொல்லுற எதும் செல்லாது."

"வெளிநாட்டுக்காரன் சொல்ல மாட்டானா?"

"சொல்லுவான். நீ நம்புவியா? அடுத்தவன் ஆலைய நிறுத்தணும்னே புயல் வருதுன்னு சொன்னவன் எத்தன பேரு!"

பச்சமுத்து தலையை ஆட்டிக்கொண்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டான். நயினார் டீயைக் குடித்தார். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. உறுதியான புயலுக்குச் சங்கம் ஒரு பெயர் வைக்கும். முதலில் பார்த்துச் சொன்னவர் பெயர். பர்மார் புயல் என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே வந்துவிட்டது. பர்மார், கட்ச் பக்கத்துச் செருப்புக் கடைக்காரர். அன்றைக்கு அவர் சொன்னதை உறுதி செய்த இரண்டாம் கண் நயினார்தான். அது சங்கத்து ரிக்கார்டில் இருக்கிறது; வேறு எங்கும் இல்லை. ஒருமுறை ஊருக்குப் போகிற ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம், "பர்மார் புயலுக்கு சாட்சி நான்தான்" என்று சொல்லிப் பார்த்தார். எதிர் சீட்டுக்காரர், "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

சாட்சியாக இருந்தாலும் ஏழு வருடம் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. கண் மதிப்பு என்று ஒரு கணக்கு. நீங்கள் வரைந்த படம் உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று பின்னால் ஒப்பிட்டுப் போடுகிற எண். அந்த ஏழு வருடமும் வருடாந்திரக் கூட்டத்தில் மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். பிறகு அமலோற்பவம் வந்தாள்.

திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஐம்பத்திரண்டு வயது. யாரிடமும் படித்தவள் இல்லை. கணவர் விட்டுப்போன சின்ன டெலஸ்கோப்பை வைத்து, பருப்பு வேகிற நேரத்தில் வரைந்து பழகியவள். சேர்ந்த இரண்டாவது வருடமே முதல் பெயர். நாக்பூர் கூட்டத்துக்கு ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொண்டுவந்து மொத்தக் கூட்டத்துக்கும் கொடுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவளைச் சுற்றி ஈ மொய்க்கிற மாதிரி ஆட்கள். அக்கா, அக்கா என்று இந்திக்காரன்கூட அக்கா. நயினார் மட்டும் ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார். அவளோ அவரைத் ‘தம்பி’ என்பாள். அதிரசத்தை வாங்கிக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தவர், அறைக்குப் போய் யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டார். நன்றாக இருந்தது. அதற்கும் எரிச்சல் வந்தது.

சங்கத்தில் சூரியப் பிரிவைக் கவனிக்கிற முகுந்தன், பெங்களூரில் இருக்கிற ரிட்டையர்டு ஆபீசர், அந்த மேடையில் சொன்னார்: "நயினார் இருக்கறத இருக்கிற மாதிரியே பாப்பார். அக்கா வரப்போறதையும் சேத்துப் பாப்பாங்க." எல்லோரும் கை தட்டினார்கள். நயினாரும் தட்டினார். உள்ளங்கை எரிந்தது.

கேண்டீனில் பச்சமுத்து கேட்ட அந்த நாள் ஆடி மூன்று. நாடெங்கும் மேகம். புயல் என்று சொன்னால் சங்கம் எடுத்துக்கொள்கிற முதல் வரிசைக் கண்கள் ஏழு பேரில் ஐந்து பேர், வானம் மூடியிருக்கிறது என்று காலையிலேயே எழுதிவிட்டார்கள். மிச்சம் பலோதியும் திண்டுக்கல்லும். அதாவது அன்றைக்கு நாட்டுக்கு இருந்த இரண்டு கண்கள் நயினாரும் அமலோற்பவமும்.

பத்தரை மணிக்கு அறைக்குப் பின்னால் நிழல் தட்டியைக் கட்டி, டெலஸ்கோப்பை நிறுத்தினார். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. குழாய்க்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டை. அதில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சூரியன் வந்து விழும். அதில் தெரிகிற கரும்புள்ளிகளை, முன்கூட்டியே வட்டம் போட்ட காகிதத்தில் அப்படியே வரைய வேண்டும். நடுவுக்குக் கொஞ்சம் கீழே, வலது பக்கமாக, கடிகாரமாக நினைத்தால் அஞ்சு மணி பக்கம், ஒரு பெரிய புள்ளிக் கூட்டம் நான்கு நாளாகக் கறுத்துக் கிடந்தது. பார்த்தாலே பயமாக இருந்தது. ஏதாவது நடந்தால் அங்கேதான் நடக்கும். நடந்தால் மைக்கு மேல் பால் சொட்டின மாதிரி ஒரு வெள்ளைப் பொறி தெரியும். ஐந்து நிமிடமோ ஆறு நிமிடமோ. அப்புறம் மறைந்துவிடும்.

பதினொன்று பத்துக்கு போன் அதிர்ந்தது. மணிக்கு ஒருமுறை வருகிற பட்டியலில், பதினொரு மணிப் பட்டியல். படம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். மனசு கேட்கவில்லை. வெயிலில் திரை தெரியாது என்று தட்டிக்குள் புகுந்து, போனைக் கையால் மூடிப் பார்த்தார். அமலோற்பவம், 96.2. நயினார், 95.8. நேற்று வரைந்த படத்துக்கு அவளுக்கு நூறு போட்டிருந்தார்கள். நூறா? எப்படி நூறு போடுவான்? அவள் படத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கி, எங்கேயாவது தப்பு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

டெலஸ்கோப் பக்கத்தில் இருந்த சங்கத்துப் பெட்டி, பார்த்ததை எழுதி அனுப்புகிற பெட்டி, ஒருமுறை மணி அடித்தது.

அது ஒரே ஒரு மணிதான். மற்ற கண் எதையோ பார்த்துவிட்டது, நீயும் பார் என்று அர்த்தம். எதை, எங்கே என்று சொல்லாது. பத்து நிமிடத்துக்குள் பார்த்து எழுத வேண்டும். மணி பதினொன்று பதினான்கு.

நயினார் ஓடிவந்து அட்டையைப் பார்த்தார். இருந்தது. புள்ளிக் கூட்டத்துக்கு மேல் இரண்டு வெள்ளைப் பொறி, பக்கத்தில் பக்கத்தில், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. அட்டையைவிட வெள்ளையாக இருந்தது. பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு பெரிதாக அவர் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்னப் பொறி அணைந்தது. அணைகிற நேரத்தில் அதிலிருந்து மேல் பக்கமாக மெல்லிசாக ஒரு நூல் நீண்டு, அதுவும் போயிற்று.

அவள் முந்திவிட்டாள். நான்கே நிமிடம். தட்டிக்குள் போகாமல் இருந்திருந்தால் நயினார் புயல். இப்போது அமலோற்பவம் புயல். பிள்ளைகள் புத்தகத்தில் படிக்கும், பரீட்சையில் கேள்வி வரும். அவர் மறுபடியும் ரிக்கார்டில் மட்டும் இருப்பார்.

பெட்டியின் பொத்தானுக்குப் பக்கத்தில் கை போயிற்று. அங்கேயே நின்றது. அவர் எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். சங்கத்தில் அதற்கு ‘ஒற்றைக் கண்’ என்று பெயர். தனியாகப் பார்த்ததாகச் சொன்னவரின் மதிப்பைச் சரிபாதியாக வெட்டி, முதல் வரிசையிலிருந்து இறக்கிவிடுவார்கள். பொய்யர்களை விரட்டப் போட்ட விதி.

வெள்ளைப் பொறி வந்தால் எல்லாம் பூமிப் பக்கமா வருகிறது? மூன்றில் ஒன்று வரும். இது ஓரமாகப் போனாலும் போகும். அட்டையில் கானல் விழுந்து ஏமாற்றியிருந்தாலும் ஏமாற்றியிருக்கும். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனார். பதினொன்று இருபதுக்குப் பெரிய பொறியும் அணைந்தது. பதினொன்று இருபத்து மூன்றுக்கு, புள்ளிகள் மட்டும் உள்ள படத்தை அனுப்பி, கீழே ‘வேறு எதுவும் இல்லை’ என்று எழுதினார். கையெழுத்து எப்போதும் போல அழகாக விழுந்தது.

முகுந்தன் உடனே கூப்பிட்டார். "நயினார், நல்லா பாத்தீங்களா? அக்கா ரொம்பப் பெரிசுன்னு எழுதியிருக்காங்க."

"பாத்தேன் சார்."

"மணி அடிக்கறச்சே அட்டைக்கிட்டதானே இருந்தீங்க?"

"அங்கயேதான் சார் நின்னேன்."

"சரி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." ஒரு பெருமூச்சு. "பாவம், அக்கா."

பன்னிரண்டு மணிப் பட்டியலில் முதல் பெயர் நயினார். அமலோற்பவத்தைத் தேட வேண்டியிருந்தது, 48.1, எங்கேயோ ஆயிரத்துச் சொச்சத்தில். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சந்தோஷம் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. மதியம் ஒரு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்கு அவளே கூப்பிட்டாள். இருவரும் எழுதி முடித்தாயிற்று, பேசலாம். அதில் விதிமீறல் ஒன்றும் இல்லை. திட்டப் போகிறாள் என்று நினைத்து, பதிலைத் தயார் செய்துகொண்டு எடுத்தார்.

"தம்பி, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு, மேடம்."

"ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க. அந்தக் கூட்டத்துல, அஞ்சு மணி பக்கம், ரெண்டு வெள்ளையா... கொஞ்சம்கூடத் தெரியலையா உங்களுக்கு?"

"இல்ல மேடம்."

"ம்." பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. "அப்ப என் கண்ணுலதான் கோளாறு. என் மக ஆறு மாசமா சொல்றா, அம்மா உனக்குப் பொரை விழுதுன்னு. நாந்தான் கேக்கல. அரிசியில கல்லு பொறுக்கறப்பவும் அப்பப்ப மினுக்குன்னு ஒண்ணு தெரியும்."

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது மேடம்."

"இல்ல தம்பி. வேற யாரும் இல்லன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். நீங்க இல்லன்னா இல்லதான். இருந்திருந்தா எழுதாம இருக்கிற ஆளா நீங்க? டெலஸ்கோப்ப எங்க பள்ளிக்கூடத்துக்கே குடுத்துரலாம்னு இருக்கேன். தப்பாப் பாத்து நாலு பேரு உசுரு போறதுக்கு, பாக்காமலே இருக்கலாம்ல?"

போனை வைத்த பிறகு நயினார் வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவரை நம்பி, தன் கண்ணையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இந்த ஒரு விஷயத்திலும் அவரைவிட ஒரு படி மேலே போய் நிற்கிறாள் என்று தோன்றியது. பொறாமைதான் அப்போதும் முதலில் வந்தது. அதற்குப் பின்னால்தான் மற்றதெல்லாம் வந்தது. புயல் பதினொன்று பதினான்குக்குக் கிளம்பியது. பதினெட்டு, பத்தொன்பது மணி நேரத்தில் இங்கே இருக்கும்.

நாலரை மணிக்கு முகுந்தனைக் கூப்பிட்டார்.

"சார், நான் பாத்தேன். ரெண்டு பொறி. எழுதல. பொய் சொல்லிட்டேன்."

"ஏன்?" என்று கேட்டார் முகுந்தன்.

"அவங்க பேரு வந்துரக் கூடாதுன்னு. வேற ஒண்ணும் இல்ல. என்னயச் சங்கத்த விட்டுத் தூக்குங்க சார். மொதல்ல கரண்ட நிறுத்தச் சொல்லுங்க."

"எந்த இடத்துல பாத்தீங்க?"

"அஞ்சு மணி பக்கம்."

"நயினார், அதுக்கப்புறம் அக்காகிட்ட பேசினீங்களா?"

"அவங்கதான் கூப்பிட்டாங்க சார்."

"அஞ்சு மணி பக்கம்னு அவங்கதானே சொன்னாங்க?"

"சொன்னாங்க. ஆனா நான் அதுக்கு முன்னாலயே..."

முகுந்தனின் குரல் இளகிவிட்டது. "எனக்குப் புரியறது. அக்கா அழுதிருப்பாங்க. யாருக்குத்தான் தாங்கும்? அவங்கள காப்பாத்தறதுக்காக, பத்தொன்பது வருஷப் பேர நீங்களே கெடுத்துக்கறேன்னு வர்றீங்க. இவ்வளவு பெரிய மனசு சங்கத்துல யாருக்கும் கிடையாது."

"பெரிய மனசா? சார், நான் சொல்லுதேன் கேளுங்க. எனக்குப் பொறாம சார்!"

"நீங்க எதுவேணா சொல்லலாம். பேசினதுக்கப்புறம் சொல்றது செல்லாது. இத வெச்சு நான் மேல போன் பண்ணினா, முதல் கேள்வியே ரெண்டு பேரும் பேசினாங்களான்னுதான். முப்பத்தொரு பேர் நயினார். அந்த லிஸ்ட நான் இன்னும் கிழிச்சுப் போடல. இன்னொரு தடவை என்னால முடியாது. இத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், கவலைப்படாதீங்க."

அதற்கப்புறம் நயினார் நான்கு தடவை கூப்பிட்டார். முகுந்தன் எடுக்கவில்லை. சங்கத்துப் பொது நம்பரில் ஒரு பெண் இந்தியில், பேசிய கண் சொல்வது செல்லாது என்கிற ஏழாம் விதியைப் படித்துக் காட்டினாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் திண்டுக்கல்லுக்குப் போட்டார்.

"அக்கா."

அவர் அப்படிக் கூப்பிட்டதில் அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "சொல்லுங்க" என்றாள். தம்பி என்று சொல்லவில்லை.

"ரெண்டு பொறி. சின்னதுதான் மொதல்ல அணைஞ்சுது. அணையும்போது அதுல இருந்து மேல ஒரு நூலு மாதிரி நீண்டுது."

"அந்த நூல நான் யார்கிட்டயும் சொல்லலையே" என்றாள் அவள் மெதுவாக. "படத்த அனுப்பின பொறவுதான் அதப் பாத்தேன். முகுந்தன் சாருக்கே தெரியாது."

"ஆமா."

"அப்ப என் கண்ணுல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லக்கா."

"ஏழு வருசம் முதல்லயே இருந்தீங்க. பத்தலையா உங்களுக்கு?"

நயினார் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"சாருகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். நாம பேசிட்டோம்லா. உங்களக் காப்பாத்த நான் பொய் சொல்லுதேங்காரு. பெரிய மனசுங்காரு."

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "வைங்க போன. நாளைக்கு நூத்திநாப்பது பிள்ளைக்குப் பொங்கணும், மோட்டார் ஓடாது. இப்பவே தொட்டிய ரொப்பியாகணும். தெருவுலயும் சொல்லணும். பொய்க்காரின்னு பேராகிப்போச்சு, எத்தன பேரு கேப்பாங்களோ!"

வைத்துவிட்டாள். நயினார் கேண்டீனுக்கு நடந்தார். பச்சமுத்து இரவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தான்.

"இருக்கிற டிரம் எல்லாத்துலயும் தண்ணி புடி. காலையில கரண்ட் இருக்காது."

"எச்சரிக்கை ஒண்ணும் வரலையேண்ணே?"

"வராது. புடி."

பச்சமுத்து அவர் முகத்தைப் பார்த்தான். வேறு எதுவும் கேட்காமல் கையைக் கழுவிவிட்டுக் குழாயைத் திறந்தான். இரண்டு பேருமாக ஒன்பது டிரம் பிடித்தார்கள்.

மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்கு, யாரும் நிறுத்தாமலே கரண்ட் போனது. பலோதியிலும் பெங்களூரிலும் திண்டுக்கல்லிலும் ஒரே நிமிடத்தில் போனது.